பிஸ்பீக்குப் போகும் அரிசோனாத் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

ஃபீனிக்ஸிலும் சாண்ட்லரிலும் டூசானிலும் குடியிருக்கும் நம் குடும்பங்கள் நீண்ட வார இறுதி கிடைத்தால் கிளம்பிப் போகிற இடங்களில் பிஸ்பீயும் ஒன்றாகிவிட்டது. பென்சனில் 80ஆம் நெடுஞ்சாலைக்குத் திரும்பி, டூம்ஸ்டோனில் துப்பாக்கிச் சண்டை நாடகம் பார்த்து, மியூல் மலையைக் குடைந்த சாலையைக் கடந்தால் அந்த ஊர் வந்துவிடுகிறது. மலைச்சரிவில் வீடுகள் ஒன்றின் தலைமேல் ஒன்றாக நிற்கின்றன. தெருக்களை விடப் படிக்கட்டுகள் அதிகம். ஊர் நடுவே காப்பர் குவீன் விடுதி. இரவு அங்கே தங்கிவிட்டு, மறுநாள் சுரங்கத்துக்குள் போய் வந்து, வாட்ஸ்அப் குழுவில் படங்கள் போடுகிறோம். அந்தப் படங்களோடு நாம் எழுதுவது பெரும்பாலும் பேய்க்கதைதான்.

ஜூலியா லோவெல் என்ற பெண்ணின் ஆவி அங்கே உலவுவதாகச் சொல்கிறார்கள். பாலியல் தொழிலில் இருந்தவள், காதலித்தவன் கைவிட்டதால் உயிரை மாய்த்துக்கொண்டவள் என்பது கதை. சான் பெட்ரோ ஆற்றில் மூழ்கிய பில்லி என்ற சிறுவன் மாடிகளில் ஓடி விளையாடுகிறான் என்பது இன்னொன்று. விருந்தினர்கள் தாங்கள் கண்டதையும் கேட்டதையும் எழுதி வைக்க விடுதியில் குறிப்பேடே உண்டு. பிள்ளைகள் போர்வைக்குள் நடுங்கிச் சிரித்துக்கொண்டு இதைக் கேட்பதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. வீடு திரும்பிய பிறகும் அந்த விடுதியைப் பற்றி நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தெரிந்தது இவ்வளவுதான் என்பதில்தான் வருத்தம். அதன் உண்மை வரலாறு இதைவிடப் பெரியது, கனமானது. பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்தவர்கள் அதன் நடுவில் இருக்கிறார்கள். அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

1877இல் ஜாக் டன் என்ற ராணுவ வழிகாட்டி, தண்ணீர் தேடிப் போன இடத்தில் தாதுப் பாறையின் அடையாளம் கண்டார். தனக்கும் நண்பர்களுக்கும் உரிமை பதிந்து வைக்கச் சொல்லி ஜார்ஜ் வாரன் என்பவருக்கு உணவும் பொருளும் கொடுத்து அனுப்பினார். வாரன் தனக்காகவே பதிந்துகொண்டார். அவருக்கும் அது நிலைக்கவில்லை. 1880இல், குதிரையை ஓட்டத்தில் முந்திக் காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டி, காப்பர் குவீன் சுரங்கத்தில் தனக்கிருந்த பங்கை இழந்தார். பின்னாளில் அது பல கோடி டாலர் பெறும் பங்கு. அரிசோனா மாநில முத்திரையில் மண்வாரியோடு நிற்கும் சுரங்கத் தொழிலாளியைப் பார்த்திருப்பீர்கள். வாரனின் புகைப்படத்தை வைத்து வரைந்த உருவம் அது. வறுமையில் செத்தவருக்கு முத்திரையில் இடம் கிடைத்தது. ஊருக்குப் பெயர் கொடுத்த நீதிபதி டிவிட் பிஸ்பீயோ பணம் போட்ட முதலீட்டாளர்களில் ஒருவர். அந்த ஊருக்கு அவர் வந்ததே இல்லை.

நியூயார்க் வணிக நிறுவனமான ஃபெல்ப்ஸ் டாட்ஜ், ஜேம்ஸ் டக்ளஸ் என்ற வேதியியல் அறிஞரின் யோசனையைக் கேட்டு இங்கே நிலம் வாங்கியது. 1885இல் காப்பர் குவீன் கன்சாலிடேட்டட் நிறுவனம் உருவானது. நகரங்களுக்கு மின்சாரமும் தொலைபேசியும் வந்துகொண்டிருந்த காலம். அந்தக் கம்பிகளுக்கெல்லாம் செம்பு வேண்டும். அந்தத் தேவை பிஸ்பீயை ஊராக்கியது. ஒரு நூற்றாண்டுக்குள் அந்த மலையிலிருந்து ஏறத்தாழ 800 கோடி பவுண்டு செம்பு வெளியே வந்தது. ஊருக்கு அடியில் இரண்டாயிரம் மைலுக்கும் மேற்பட்ட சுரங்க வழிகள் ஓடுகின்றன.

இவ்வளவு செல்வம் புரண்ட ஊருக்கு முதலீட்டாளர்களும் அதிகாரிகளும் வந்து போனார்கள். அவர்கள் தங்க, கிழக்குக் கரை நகரங்களின் தரத்தில் ஓர் இடம் தேவைப்பட்டது. அதைக் கட்டியதும் சுரங்க நிறுவனமேதான். 1898இல் வேலை தொடங்கியது. சமதளமே இல்லாத ஊர் என்பதால் மலையின் பாறையைத் தகர்த்து மனை உண்டாக்க வேண்டியிருந்தது. நியூயார்க் கட்டடக் கலைஞர்கள் வரைந்த இத்தாலியப் பாணிக் கட்டடம் 1902இல் திறக்கப்பட்டது. இன்று நீங்கள் காப்பி குடிக்கிற அந்த முன் தாழ்வாரத்தில் அன்று செம்பு விலை பேசப்பட்டது. பக்கத்திலேயே செங்கல் கட்டடமாக நிற்கும் அருங்காட்சியகம், 1897இல் எழுந்த நிறுவனத் தலைமை அலுவலகம். முதலாளி வேலை பார்த்த இடமும் விருந்தினர் தூங்கிய இடமும் சில அடி தூரத்தில் இருந்தன.

விடுதி மட்டும் நிறுவனத்தினுடையது என்று நினைத்துவிடாதீர்கள். மளிகையும் துணியும் விற்ற பெரிய அங்காடி, மருத்துவமனை, நூலகம், ஊரின் நாளிதழ், ஊருக்கு வரும் ரயில் பாதை எல்லாமே ஃபெல்ப்ஸ் டாட்ஜின் கையில் இருந்தன. ஒருவர் வாங்கிய சம்பளம் நிறுவனத்தின் கடைக்கே திரும்பிப் போனது. அவர் காலையில் படித்த செய்தியை நிறுவனத்தின் அச்சகம் அச்சிட்டது. இன்று அழகாகத் தெரிகிற விடுதி, அப்படி ஒரே கையில் இருந்த அதிகாரத்தின் வரவேற்பறை.

அந்த வரவேற்பறைக்கு வெளியே யார் நின்றார்கள்? பிஸ்பீயை வெள்ளையர் முகாம் என்றே வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டார்கள். சீனர்கள் பகலில் காய்கறி விற்க வரலாம், இருட்டுவதற்குள் ஊரை விட்டுப் போய்விட வேண்டும். மெக்சிகத் தொழிலாளர்களுக்கு நிலத்தடி வேலை மறுக்கப்பட்டது. வெயிலில் தரைமேல் செய்யும் வேலையும், அதற்குக் குறைந்த கூலியும்தான் அவர்களுக்கு. இங்கிலாந்தின் கார்ன்வால், பின்லாந்து, செர்பியா, குரோவேஷியா என்று பல நாட்டிலிருந்து வந்தவர்கள் சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். பாறை துளைக்கும் தூசியைச் சுவாசித்தார்கள். வெடி வைத்த புகை அடங்கும் முன்பே உள்ளே போனார்கள். அவர்களுடைய வீடுகள்தான் நாம் இன்று படமெடுக்கிற அந்தச் சரிவுகளில் ஒட்டிக்கொண்டிருந்தவை.

இப்போது 1917க்கு வருகிறேன். முதல் உலகப் போரால் செம்பு விலை மூன்றே ஆண்டுகளில் இரு மடங்கானது. சாமான் விலையும் ஏறியது. கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை. ஜூன் மாதக் கடைசியில் ஐடபிள்யூடபிள்யூ என்ற தொழிற்சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தது. என்ன கேட்டார்கள் என்று பாருங்கள். நிலத்தடி வேலைக்கு நாளுக்கு 6 டாலர். தரைமேல் வேலைக்கு 5 டாலர் 50 சென்ட். துளைக் கருவி ஒவ்வொன்றிலும் இரண்டு ஆள். ஆட்கள் உள்ளே இருக்கும் நேரத்தில் வெடி வைக்கக் கூடாது. வேலைக்கு எடுக்கும்போது நடத்தும் உடல் பரிசோதனையை நிறுத்த வேண்டும், ஏனென்றால் வேண்டாதவர்களைக் கழித்துக்கட்டும் சாக்காக அது இருந்தது. சங்கத்தில் சேர்ந்ததற்காக யாரையும் தண்டிக்கக் கூடாது. எல்லாம் உயிரோடு வீடு திரும்ப விரும்பியவர்கள் கேட்ட கோரிக்கைகள். பாதிக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைக்கு இறங்காமல் நின்றார்கள். போர்க்காலத்தில் இப்படிச் செய்பவர்கள் எதிரியின் கைக்கூலிகள் என்று நிறுவனங்கள் பேசின. ஊரின் பத்திரிகையும் அதையே எழுதியது.

ஜூலை 12ஆம் தேதி விடியற்காலை. ஷெரீஃப் ஹாரி வீலர் சுமார் இரண்டாயிரம் பேருக்குத் துணைக் காவலர் பொறுப்புக் கொடுத்திருந்தார். கடைக்காரர்கள், அலுவலர்கள், வேலைநிறுத்தத்தில் சேராத தொழிலாளர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். அடையாளத்துக்குக் கையில் வெள்ளைத் துணி, தோளில் துப்பாக்கி. பெண்களும் குழந்தைகளும் தெருவுக்கு வர வேண்டாம் என்று அன்றைய நாளிதழ் முன்கூட்டியே எச்சரித்திருந்தது. வீடு வீடாகப் போய் ஆண்களைப் படுக்கையிலிருந்து எழுப்பினார்கள். காப்பர் குவீன் விடுதியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள அஞ்சலகச் சதுக்கத்தில் அவர்களைத் திரட்டினார்கள். அங்கிருந்து இரண்டு மைல் நடத்திக்கொண்டு போய், ஜார்ஜ் வாரனின் பெயர் தாங்கிய வாரன் பகுதிப் பேஸ்பால் மைதானத்தில் அடைத்தார்கள். வேலைக்குத் திரும்புகிறேன் என்று ஒப்புக்கொண்டவர்களை விட்டார்கள். மற்றவர்களை ஃபெல்ப்ஸ் டாட்ஜ் கட்டிய ரயில் பாதையில் வந்து நின்ற, ஆடுமாடு ஏற்றும் பெட்டிகளில் ஏற்றினார்கள். பெட்டிகள் 23. ஏற்றப்பட்டவர்கள் 1,186 பேர். சில பெட்டிகளில் சாணம் கூட வாரப்படவில்லை. அந்தக் காலையில் ஒரு துணைக் காவலரும் ஒரு தொழிலாளியும் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். செய்தி வெளியே போகாதபடி தந்தியும் தொலைபேசியும் தடுக்கப்பட்டன.

ஜூலை மாதத்து அரிசோனா வெயில் எப்படியென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போதிய தண்ணீர் இல்லாமல் அந்தப் பெட்டிகளில் சுமார் 16 மணி நேரம். நியூ மெக்சிகோவின் கொலம்பஸ் ஊர் அவர்களை இறக்கிக்கொள்ள மறுத்தது. ரயில் பின்னோக்கி வந்து ஹெர்மனாஸ் என்ற பாலைவன நிலையத்தில் அவர்களை விட்டுவிட்டுப் போனது. திரும்பி வந்தால் உயிர் போகும் என்று எச்சரித்திருந்தார்கள். இரண்டு நாள் கழித்து ராணுவம் அவர்களைக் கொலம்பஸ் முகாமுக்கு அழைத்துப் போனது. செப்டம்பர் வரை பலர் கூடாரங்களில் கிடந்தார்கள்.

அந்த முகாமில் ராணுவம் கணக்கெடுத்தது. அமெரிக்காவில் பிறந்தவர்கள் 199 பேர். குடியுரிமை பெற்றவர்களையும் சேர்த்தால் 468 பேர் அமெரிக்கக் குடிமக்கள். போருக்கு ஆள் எடுக்கும் பட்டியலில் பெயர் பதிந்திருந்தவர்கள் 472. திருமணம் ஆனவர்கள் 433. நாட்டுக்குத் துரோகிகள் என்று சொல்லி ஏற்றி அனுப்பிய கூட்டத்தில் இவர்களெல்லாம் இருந்தார்கள். மற்றவர்கள் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் பிறந்து, வேலை தேடி இங்கே வந்தவர்கள். ஊருக்குத் திரும்ப முயன்றவர்களை நுழைவாயில்களில் நின்ற காவல்காரர்கள் தடுத்தார்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் பிஸ்பீக்குள் நுழைய முடியாத நிலை மாதக் கணக்கில் நீடித்தது.

நண்பர்களே, ஒரு துண்டுக் காகிதம் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் என்பதை நம்மைவிட யார் அறிவார்? விசா புதுப்பிப்புக்காகக் காத்திருந்த இரவுகளும், வேலை போனால் எத்தனை நாளில் கிளம்ப வேண்டும் என்று கணக்குப் போட்ட இரவுகளும் நம் வீடுகளில் உண்டு. அவர்கள் கண்ட துன்பமும் நம்முடையதும் ஒன்றல்ல. அவர்கள் துப்பாக்கி முனையில் நின்றார்கள், நாம் வசதியான நாற்காலியில் அமர்ந்து கவலைப்படுகிறோம். ஆனாலும் இந்த மண்ணில் உழைக்க அழைக்கப்பட்டு, வேண்டாதபோது அந்நியராகிப் போனவர்களின் கதையை, மற்றவர்கள் மறந்தாலும் நாம் மறக்கக் கூடாது.

சட்டம் என்ன செய்தது? அதிபர் உட்ரோ வில்சன் அமைத்த குழு பிஸ்பீக்கு வந்து விசாரித்தது. பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான ஃபீலிக்ஸ் ஃபிராங்ஃபர்ட்டர் அதில் பணியாற்றினார். இந்த வெளியேற்றத்துக்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை என்று அந்தக் குழு அறிக்கை கொடுத்தது. 1918இல் நிறுவன மேலாளர்களும் ஊர்ப் பெரியவர்களுமாக 21 பேர் மீது மத்திய அரசு குற்றம் சாட்டியது. 1920இல் உச்ச நீதிமன்றம், ஒருவர் தன் மாநிலத்தில் நிம்மதியாகக் குடியிருக்கும் உரிமையை இப்படித் தனியாட்கள் பறித்தால் அது மாநிலம் கவனிக்க வேண்டிய விவகாரம், மத்திய அரசு தலையிட முடியாது என்று தீர்ப்பளித்தது. மாநில நீதிமன்றத்தில் நடந்த வழக்கில், ஊரைக் காப்பாற்ற அது அவசியமாக இருந்தது என்ற வாதத்தை ஏற்று, குற்றம் சாட்டப்பட்டவரை விடுவித்தார்கள். இந்தக் கொடுமைக்காக ஒருவர்கூடத் தண்டனை பெறவில்லை.

அதன்பின் ஊர் வாய் மூடிக்கொண்டது. அந்த மௌனத்துக்கும் காரணம் உண்டு. துப்பாக்கி ஏந்தியவர்களின் பிள்ளைகளும், ரயிலில் போனவர்களின் உறவினர்களும் ஒரே பள்ளியில் படித்தார்கள், ஒரே நிறுவனத்தில் சம்பளம் வாங்கினார்கள். தன் சொந்தச் சகோதரனையே பிடித்து ரயிலேற்றியவர் உண்டு. நிறுவனம் ஊரில் இருக்கும் வரை அதைப் பற்றிப் பேசுவது பிழைப்பைக் கெடுத்துக்கொள்வதாகவே இருந்தது. நிறுவனமோ இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கேயே இருந்தது. நிலத்தடியில் தோண்டியது போதாதென்று 1950களில் லாவண்டர் குழியை வெட்டத் தொடங்கினார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் நின்று நீங்கள் எட்டிப் பார்க்கிற, 900 அடி ஆழமுள்ள அந்தச் செந்நிறப் பள்ளம் லோவெல் என்ற குடியிருப்பின் பெரும்பகுதியை விழுங்கியது. 1974இல் குழியில் வேலை நின்றது. 1975இல் நிலத்தடிச் சுரங்கங்களும் மூடப்பட்டன.

சுரங்கம் மூடினால் ஊர் செத்துப்போகும் என்பதே அமெரிக்க மேற்கின் வழக்கம். பிஸ்பீ சாகவில்லை. வேலை இழந்தவர்கள் வீடுகளை மலிவாக விற்றுவிட்டுப் போக, ஓவியர்களும் கைவினைஞர்களும் வாங்கிக் குடியேறினார்கள். முன்னாள் சுரங்கத் தொழிலாளர்களே தன்னார்வத்தோடு பழைய வழிகளைச் சுத்தம் செய்து, 1976 பிப்ரவரியில் குவீன் சுரங்கத்தைப் பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். காப்பர் குவீன் விடுதியும் கதவடைக்காமல் தாக்குப் பிடித்தது. நிறுவனத்தின் விருந்தினர் இல்லமாக இருந்தது, ஊரின் பிழைப்புக்குத் தூணாக மாறியது. ஐயாயிரத்துக்கும் சற்றுக் குறைவானவர்களே வாழும் ஊரில் ஒரு பழைய விடுதி தாக்குப் பிடிப்பது எளிதல்ல. அங்கே அறை எடுத்துத் தங்குவதன் மூலம் நாமும் அதைக் காப்பாற்றுகிறோம். தொடர்ந்து போங்கள் என்றே சொல்வேன்.

பேய்க்கதைகள் அந்த விடுதிக்கு வருமானம் தருகின்றன என்பதையும் புரிந்துகொள்கிறேன். ஆனால் எந்தக் கதை விற்கிறது, எது விற்பதில்லை என்று யோசித்துப் பாருங்கள். ஜூலியாவின் கதையில் காதல் தோல்வி இருக்கிறது, தற்கொலை இருக்கிறது. சுரங்க ஊரின் புரூவரி கல்ச் தெருவில் உடலை விற்றுப் பிழைத்த பெண்களின் வறுமையும் நோயும் அதில் இல்லை. அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்த சூழல் இல்லை. துன்பத்திலிருந்து காரணத்தைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது சிலிர்ப்பு மட்டும்தான். 1,186 பேரின் கதையில் காரணத்தைக் கழிக்கவே முடியாது. யார் ஏற்றினார்கள், யாருடைய ரயில், யாருக்கு லாபம் என்ற கேள்விகள் கூடவே வரும். அதனால்தான் அதை ஆவிக்கதையாக மாற்ற யாராலும் முடியவில்லை.

பிஸ்பீ மக்களே இந்த மௌனத்தை உடைத்திருக்கிறார்கள் என்பதை மகிழ்ச்சியோடு சொல்ல வேண்டும். 2017இல், நூறாண்டு நிறைவில், ஊர் மக்கள் அந்த நாளை அதே தெருக்களில் நடித்துக் காட்டினார்கள். இரு தரப்பின் வழித்தோன்றல்களும் கலந்துகொண்டார்கள். ராபர்ட் கிரீன் இயக்கிய 'பிஸ்பீ '17' ஆவணப்படம் அதைப் பதிவு செய்திருக்கிறது. தன் முன்னோர் செய்தது சரியென்று நம்புகிறவர்களும் அந்தப் படத்தில் பேசுகிறார்கள். நடித்து முடித்தபின் மனம் கலங்கியவர்களும் இருக்கிறார்கள். தன் ஊரின் தவறைத் தன் உடலாலேயே நடித்துப் பார்க்கிற துணிச்சல் எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை. ஊர்க்காரர்கள் இவ்வளவு தூரம் வந்திருக்கும்போது, விருந்தினராகப் போகிற நாம் பேய்க்கதையோடு நின்றுவிடுவது நியாயமா?

அதனால் உங்களிடம் சில வேண்டுகோள்கள். விடுதியில் அறை எடுத்ததும், பேய் எந்த மாடியில் என்று கேட்பதோடு, 1917இல் இந்த விடுதி யாருடையதாக இருந்தது என்றும் கேளுங்கள். விருந்தினர்கள் கேட்கக் கேட்கத்தான் விடுதிகள் அந்தக் கதையையும் சொல்லப் பழகும். பக்கத்து அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். குவீன் சுரங்கத்துக்குள் போகும்போது, உங்களை அழைத்துச் செல்பவர் சுரங்கத்தில் வேலை பார்த்தவராக இருந்தால் அவருடைய அனுபவத்தைக் கேளுங்கள். ஊர் திரும்பும் முன் வாரன் பகுதிக்குக் காரைத் திருப்புங்கள். 1909இல் கட்டிய அந்தப் பேஸ்பால் மைதானத்தில் இன்றும் ஆட்டம் நடக்கிறது. அங்கே என்ன நடந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பள்ளியில் அரிசோனா வரலாறு படிக்கும் பிள்ளைகள் அதைக் கட்டுரையாக எழுதட்டும். அந்த நாளின் ஆவணங்களை டூசானில் உள்ள அரிசோனா பல்கலைக்கழக நூலகம் தொகுத்து எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது.

தமிழ்ச் சங்கங்களை நடத்துகிறவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். பொங்கலும் தீபாவளியும் கொண்டாடும் நம் மன்றங்களில் ஆண்டுக்கு ஒரு மாலையை நாம் வாழவந்த இந்த மண்ணின் உழைப்பாளர்களுக்காக ஒதுக்குவோம். ஜூலை 12ஐ ஒட்டி அந்த ஆவணப்படத்தைத் திரையிடலாம். மெக்சிக, செர்பிய வம்சாவளி நண்பர்களை அழைத்துப் பேசச் சொல்லலாம். ஃபெல்ப்ஸ் டாட்ஜ் நிறுவனத்தை 2007இல் வாங்கிய ஃப்ரீபோர்ட் மெக்மொரான் ஃபீனிக்ஸ் நகர் மையத்தில்தான் தலைமையகம் வைத்திருக்கிறது. நம்மில் பலர் வேலை பார்க்கும் சில்லுத் தொழிற்சாலைகள் செம்பு இல்லாமல் இயங்காது. இந்த வரலாறு நமக்குத் தொலைவில் இல்லை. நாம் வாங்கும் சம்பளத்துக்கு அடியில் அது இருக்கிறது.

காப்பர் குவீன் விடுதி நூற்றிருபது ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது. அதைக் கட்டிய பணம் யாருடைய உழைப்பிலிருந்து வந்ததோ, அவர்களுக்கு அதில் ஓர் அறை கூடக் கிடைத்ததில்லை. விடுதி தன் அறைகளுக்குப் புகழ்பெற்ற விருந்தினர்களின் பெயரை வைத்திருக்கிறது, ஜான் வெய்னுக்கும் ஜூலியாவுக்கும் அறை இருக்கிறது. ரயிலேற்றப்பட்ட 1,186 பேரின் நினைவாக ஓர் அறைக்குப் பெயர் வையுங்கள் என்று நாம் கூட்டாக விடுதியாருக்கு எழுதலாம். நான் எழுதப் போகிறேன். உங்கள் கையெழுத்தும் அந்தக் கடிதத்தில் சேர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தோழமையுடன்,
உங்களைப் போலவே இந்த மாநிலத்துக்குப் பிழைக்க வந்த ஒரு தமிழர்